பன்னிரண்டாவது குறி

அந்தப் படகு இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இருபத்திரண்டு அடி, வெள்ளை நிறம். அதன் முனையில் கயிறும் நங்கூரமும் போட்டுவைக்க ஒரு சின்ன அறை உண்டு. ஆள் தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். எல்லாப் படகிலும் அந்த அறைக்கு ஒரு குட்டிக் கதவு இருக்கும். இதில் இருக்காது. கீல் இருந்த இடத்தைக்கூட நானே அடைத்துப் பூசிவிட்டேன். கேட்கிறவர்களிடம் காற்றோட்டத்துக்காக என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உண்மையான காரணத்தை இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன். நான் கைச்சரக்கு எதுவும் சேர்க்கவில்லை. நேரத்தைக்கூடக் குறித்துவைத்திருக்கிறேன். நம்பாவிட்டால் பரவாயில்லை. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானே அவரைப் பார்த்துச் சிரித்திருப்பேன்.

முதலில் என் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் படகு என்றால் முழுக்க ஃபைபர் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே தெரிவது தோல் மட்டும்தான். அடிவயிற்றில் முன்னிருந்து பின்வரை நீளக் கட்டைகள் ஓடும். அவற்றின்மேல் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசின் பூசி, இறுக மூடிவிடுவார்கள். இன்ஜின் தொங்குகிற பின்பலகைக்குள்ளும் மரம்தான். எங்கோ ஒரு திருகாணி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் போதும். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே மரம் டீயில் விழுந்த ரொட்டியாக ஊறிக் கிடக்கும்.

அதைக் கண்டுபிடிக்கக் கண் உதவாது, காது வேண்டும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் 'டக்' என்னும். அழுகிய மரம் 'தொப்' என்னும். இருபத்தாறு வருஷமாக இந்த இரண்டு சத்தத்தை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

இது இரண்டு பேர் வேலை. ஒருவர் படகுக்கு அடியில் படுத்து வெளியிலிருந்து தட்டுவார். மற்றவர் உள்ளே கட்டையின்மேல் காதை வைத்துக் கேட்பார். அழுகல் என்றால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவார். பிறகு அவரும் தட்டிப் பதில் சொல்வார். ஒரு தட்டு என்றால், கேட்டது, நகரு. இரண்டு தட்டு என்றால், மறுபடி தட்டு. மூன்று தட்டு என்றால், நிறுத்து, என்னை வெளியே எடு. பட்டறை இரைச்சலில் கத்தினால் யாருக்கும் கேட்காது என்பதால் வந்த பழக்கம். எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு உள்ளாளாக இருபது வருஷம் இருந்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. அத்தனை வருஷத்தில் அவன் மூன்று தட்டியது இரண்டே தடவை. ஒரு தடவை உள்ளே குளவிக் கூடு. இன்னொரு தடவை அவன் வயிறு சரியில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய கப்பல் பட்டறையில் அவனுக்கு வேலை கிடைத்தது. போ என்று நான்தான் தள்ளிவிட்டேன். எல்லோரும் என்னைப் பெரிய மனசுக்காரன் என்றார்கள். பெரிய மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் பக்கத்தில் இருந்தால் என் விஷயம் வெளியே வந்துவிடும் என்கிற பயம்தான்.

விஷயம் இதுதான். என் வலது காது செத்துவிட்டது. டாக்டர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார், அதில் இனி ஒன்றும் கேட்காது என்று. இடது காதில் பாதி மிச்சம். கிரைண்டர் அதையும் தின்றுவிடக் கூடாதே என்று வேலை நேரத்தில் இடது காதில் பஞ்சு அடைத்துக்கொள்வேன். தட்டிப் பார்க்கிறபோது மட்டும் எடுப்பேன்.

போன வருஷம் ஒரு படகின் பின்பலகை நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். நடுத் தண்ணீரில் பலகை பிய்ந்து இன்ஜினோடு போய்விட்டது. மூன்று பேர் ஆறு மணி நேரம் மிதந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிக பாரம் ஏற்றிவிட்டார்கள் என்று ஊரோடு சேர்ந்து நானும் சொன்னேன். அது 'தொப்'. எனக்கு 'டக்' என்று கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் இந்தப் படகு வந்தது. வாங்கியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு பெண் குழந்தைகள். லீவு நாளில் அவர்களைத் தண்ணீரில் கூட்டிப்போக வேண்டும் என்று பழைய படகாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். தாங்கியில் நிற்கிற படகில் ஏறி இரண்டும் காற்றில் துடுப்புப் போட்டன. சின்னது என்னிடம், "இது மூழ்காதுல்ல?" என்று கேட்டது. மூழ்காது என்று சொன்னேன்.

அந்தச் சமயம் வீட்டில் நான் ஒற்றை ஆள். மகளுக்குப் பிரசவம் என்று மனைவி போய் இரண்டு மாதம். பேரனைத் தூங்கவைத்துவிட்டுத் தினமும் சாயங்காலம் 5:50க்குப் போன் செய்வாள். பாதி கேட்காது. சிக்னல் மேல் பழியைப் போட்டுவிட்டு, "சரி, சரி" என்பேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் சொன்னதற்கு, ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி ஒருநாள் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டில் ஆளில்லாதவன் ரேடியோவையாவது போட்டுக்கொள்வான். எனக்கு அதுவும் இல்லை. தட்டைக் கழுவினால் தட்டுச் சத்தம்கூட வராத வீட்டில் இருந்து பாருங்கள், அப்போது தெரியும்.

திங்கட்கிழமை காலையில் படகின் தரைப் பலகைகளைக் கழற்றினேன். நீளக் கட்டைகளின் மேல் இருந்த அழுக்கையும் பழைய பெயின்டையும் கிரைண்டரால் தேய்த்தேன். வெள்ளைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பச்சை. மூன்று கை மாறிய படகு. துடைத்துச் சுத்தமாக வைத்துவிட்டு, மதியம் பஞ்சை எடுத்துவிட்டு, அடியில் சாக்கு விரித்துப் படுத்தேன். தனி ஆளாக இருந்தால் படகின் அடியில் காதை ஒட்டவைத்துத் தட்டிக் கேட்பேன். எலும்பு வழியாகக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

மணி 4:10. தட்டினேன். ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. இரண்டு சாண் தள்ளித் தட்டினேன். அதே கதை. அந்தச் சின்னப் பெண்ணின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மறுபடி தட்டினேன்.

டொக்.

உள்ளேயிருந்து ஒரு தட்டு.

என் கை தானாக ஒரு சாண் நகர்ந்து அடுத்த இடத்தில் தட்டியது. இருபது வருஷப் பழக்கம், யோசிக்கவே இல்லை. டொக். நகர்ந்தேன். டொக். ஏழாவது தட்டோ எட்டாவது தட்டோ போகும்போதுதான் உறைத்தது, மச்சான் இங்கே இல்லை என்று.

வெளியே வந்து ஏணியில் ஏறிப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. பட்டறைக் கதவு நான் சாத்தியபடி இருந்தது. வாசலில் தரை நனைந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் மழை பெய்கிறது என்றே தெரிந்தது. தகரக் கூரைமேல் கொட்டுகிற மழை எனக்குக் கேட்கவில்லை. அந்தத் தட்டு கேட்டிருக்கிறது... அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

காரணம், வேறொன்றைப் பார்த்துவிட்டேன். காலையில் நான் தேய்த்துத் துடைத்த கட்டையின்மேல் மூன்று பெருக்கல் குறிகள். ஊதா நிறம். என் பென்சில் என் காதில் செருகியபடி இருந்தது, அது கறுப்பு.

டிரில்லை எடுத்து மூன்று இடத்திலும் சின்ன ஓட்டை போட்டேன். மூன்றிலும் பழுப்புத் தண்ணீர் வந்தது. பின்னாலேயே கறுப்புக் கூழ். குறி போட்ட இடமெல்லாம் அழுகல். குறி இல்லாத இடத்தில் ஒன்று போட்டுப் பார்த்தேன். காய்ந்த, வெள்ளைத் தூள். நல்ல மரம்.

அன்று ராத்திரி எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொன்னேன். எதிரொலி. பழைய குறி. நானே போட்டு மறந்திருப்பேன், வயசாகிறது. எதுவும் ஒட்டவில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே பட்டறைக்குப் போய்விட்டேன். ஏன் என்று இப்போது சொல்வதில் வெட்கம் இல்லை. எனக்கு ஆசையாக இருந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் நான் தட்டியதற்குப் பதில் தட்டியிருக்கிறார்.

செவ்வாய் காலை 9:40 முதல் மதியம் 1:15 வரை தட்டினேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. சில இடத்தில் இரண்டு தட்டு. மறுபடி தட்டினேன். அப்புறம் ஒன்று. எவ்வளவு ஒழுங்கான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். மச்சான்கூட இவ்வளவு பொறுமையாகக் கேட்க மாட்டான். அப்படி நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பயம் வந்திருக்க வேண்டும், சிரிப்பு வந்தது. டீ வாங்கும்போது இரண்டாக வாங்கிவந்து ஒன்றைப் படகின் விளிம்பில் வைத்தேன். அது ஆறி ஆடை கட்டி அப்படியே இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மொத்தம் பதினோரு குறி. நான்தான் எண்ணினேன், இரண்டு தடவை எண்ணினேன். பின்பலகையில் நான்கு, நீளக் கட்டைகளில் ஏழு. பதினொன்றையும் ஓட்டை போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

புதன்கிழமை முழுக்க வெட்டி எடுத்தேன். அழுகல் கையில் பிய்ந்து வந்தது. குறி போட்ட துண்டுகளை ஒரு மூலையில் குவித்துவைத்தேன். புது மரம் அறுத்து, அளவு பார்த்து, வரிசையாக வைத்தேன். அன்று அடியில் படுத்துத் தட்ட வேண்டிய வேலை எதுவும் இல்லை. ஆனாலும் கிளம்பும் முன்னால் போய் ஒரு தட்டு தட்டினேன். டொக் என்று வந்தது. மனசு நிறைந்து வீட்டுக்குப் போனேன். மனைவி போன் செய்தபோது, என்ன, குரல் தெளிவாக இருக்கிறது என்று கேட்டாள்.

வியாழக்கிழமை ரெசின் வேலை. மதியம் 12:30க்கு ஆரம்பித்தேன். மாஸ்க் போட்டேன். படகின் வாயருகே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். இடது காதில் பஞ்சு. புது மரத்தைப் பொருத்தி, நார்ப் பாயை விரித்து, ரெசின் பூசி, உருளையால் காற்றுக் குமிழைத் தள்ளி... முடிக்கும்போது 5:05. முதுகு ஒடிந்துவிட்டது. மாஸ்க்கை இறக்கிக் கழுத்தில் விட்டுக்கொண்டு, சிந்தியதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். முன்னறையின் குட்டிக் கதவு திறந்திருந்தது.

மூன்று நாளும் அது சாத்தித்தான் இருந்தது. வெளிப்பக்கம் ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு. குனிந்து போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். உள்சுவரின் கடைசியில், கட்டையின்மேல் ஓர் ஊதாப் பெருக்கல் குறி.

பன்னிரண்டாவது.

எண்ணிக்கையில் விட்டுவிட்டேனா? அந்த அறையை நான் தட்டவே இல்லையே. போகாதே என்று ஒரு பயம் சொன்னது. ஆனால் அந்தக் குழந்தை கேட்ட கேள்வி அதைவிடப் பெரியதாக இருந்தது. ஒன்றை விட்டால்கூடப் படகு போகும். டிரில்லை எடுத்துக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனேன். ஒரு நிமிஷ வேலைதானே என்று மாஸ்க்கை மேலே இழுக்கவில்லை.

ரெசின் வாடை காற்றைவிடக் கனம். பள்ளம் பார்த்து இறங்கி அங்கேயே தங்கும். முனையைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் தாங்கியில் நிறுத்தியிருந்தேன், அதனால் படகில் அந்த அறைதான் பள்ளம். இருபத்தாறு வருஷத் தொழில்காரனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் போனேன்.

மணி 5:24. குறியைத் தொட்டேன். விரலில் ஊதா ஒட்டியது.

ஈரமாக இருந்தது.

யாரோ எச்சில் தொட்டுப் போட்ட மாதிரி... இப்போதுதான் போட்ட மாதிரி.

டிரில்லை வைத்து அழுத்தினேன். தூள் வந்தது. வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளை. காய்ந்த தூள். புது மர வாசனை. அந்தக் கட்டைக்கு ஒரு குறையும் இல்லை. பதினொன்று சரியாகச் சொன்னவர் பன்னிரண்டாவதைத் தப்பாகச் சொல்லியிருக்கிறார்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. திரும்பிப் படுத்துக் காலால் தள்ளினேன். அசையவில்லை. போன் கையிலிருந்து நழுவி எங்கோ விழுந்தது. வெளிச்சம் போய்விட்டது.

கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. உடம்பு முழுக்க ஒரு சுகமான சூடு பரவியது. கை கால் லேசானது. கொஞ்ச நேரம் கண்ணை மூடினால் என்ன என்று தோன்றியது. இடது பக்கமாகச் சாய்ந்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டேன்.

டொக்.

வெளியிலிருந்து. படகுக்கு அடியிலிருந்து.

யாரோ தட்டுகிறார்கள். நான் டிரில்லின் பின்புறத்தால் ஒரு தட்டு தட்டினேன். கேட்டது, நகரு.

ஒரு சாண் தள்ளி... டொக்.

பதில் தட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் தட்ட, நான் தட்ட. சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். இரண்டு மாதமாக இல்லாத சந்தோஷம். இப்படியே தட்டிக்கொண்டு தூங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

டொக்.

அப்போது ஒன்று உறைத்தது.

இடது காதில் பஞ்சு. அந்தக் காது தரையோடு அழுந்திக் கிடக்கிறது.

நான் கேட்பது... வலது காதால்.

செத்த காதால்.

உடம்பு சில்லிட்டது. கையை நிறுத்தினேன். பதில் தட்டவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே, டொக்.

நான் அசையவில்லை.

டொக்.

இந்தத் தடவை பதில் வந்தது.

நான் தட்டவில்லை. என் வலது காதுக்குப் பக்கத்தில்... ஒரு சாண் தூரத்தில்... இருட்டுக்குள்ளிருந்து வந்தது.

அறைக்குள் இரண்டு பேர் இருக்கிறோம்.

டிரில்லைத் தூக்கினேன். கை கனத்தது. சுவரில் அடித்தேன்.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவதுக்குக் கையைத் தூக்கியபோது, என் புறங்கையின்மேல் ஒரு கை வந்து அமர்ந்தது. குளிர்ந்த கை. பிடிக்கவில்லை, முறுக்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டது. கிளம்புகிறவரை, இன்னும் கொஞ்சம் இருங்களேன் என்று தொடுவோமே... அப்படி.

உதறினேன்.

மூன்று.

ஒரு கணம் எந்தச் சத்தமும் இல்லை.

பிறகு கதவில் இடி விழுந்தது. ஒரே அடி. மரம் பிளந்தது, இரும்பு தெறித்தது, வெளிச்சம் வந்தது. நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. படகின் விளிம்பில் வயிற்றை வைத்துத் தொங்கிக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

பட்டறையில் யாரும் இல்லை. வாசல் கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. போன் முன்னறையின் வாசலிலேயே கிடந்தது. கையில் எடுத்தேன். மனைவியின் தவறிய அழைப்பு, 5:50. இப்போது மணி, 5:52.

முதல் போன் மனைவிக்குப் போயிருக்க வேண்டும். மச்சானுக்குப் போட்டேன். ஹலோகூடச் சொல்லவில்லை.

"எனக்கு வலது காது கேக்காதுடா."

"தெரியும் மச்சான். மூணு வருஷமாத் தெரியும். நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன்," என்றான்.

அழுதேன். அவன் அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் படகை அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். கதவு மூன்றாகப் பிளந்து கிடந்தது. தாழ்ப்பாளைத் தரையிலிருந்து எடுத்துக் காட்டினான். திருகாணிகளோடு பிய்ந்து வந்திருந்தது. தாழ் போட்ட நிலையில் வளைந்திருந்தது. உள்ளேயிருந்து அதைப் போட வழியே இல்லை. போட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. மூலையில் குவித்திருந்த அழுகல் துண்டுகளில் ஊதாக் குறிகளை அவனும் பார்த்தான், எண்ணினான். பதினொன்று. முன்னறையில் என் டிரில் போட்ட ஓட்டை மட்டும் இருந்தது. குறி இல்லை.

எஞ்சிய வேலைக்கு ரெசின் வாங்கப் போனோம். கடைக்காரர் முப்பது வருஷமாக அதே இடத்தில் இருப்பவர், இந்தத் தொழிலில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. படகைப் பற்றிப் பேச்சு வந்தது. வெள்ளைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பச்சை என்று சொன்னேன். அளந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

அவர் சொன்னது இது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பச்சையாக இருந்த அந்தப் படகை இரண்டு பேர் பழுது பார்த்தார்கள். வெளியே தட்டுகிறவர் நெட்டையாக இருப்பார், எல்லோரும் நெட்டையர் என்பார்கள். உள்ளாளுக்குப் பட்டப்பெயர் ஊதா நாக்கு. ஊதாப் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான் குறி போடுவார். ஒருநாள் மதியம் முன்னறைக்குள் போனவர் ரெசின் வாடையில் மயங்கி அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். உயிர் போனது நான்கு மணிக்குள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். நெட்டையரோ ஆறு மணி வரை அடியில் படுத்துத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசிவரை பதில் வந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு தட்டுக்கும் வந்தது, மூன்று மட்டும் வரவே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தாராம். யாரும் நம்பவில்லை. குடித்துவிட்டுத் தூங்கியிருப்பார் என்றார்கள். அதற்குப் பிறகு அவர் சுத்தியலைத் தொடவில்லை.

அதைக் கேட்டபோது ஊதா நாக்குமேல் எனக்குக் கோபமே வரவில்லை. பத்தொன்பது வருஷம் அந்தப் பொந்துக்குள் தனியாக இருந்திருக்கிறார். நான் மூன்று நாள் நன்றாகப் பேச்சுத்துணை கொடுத்துவிட்டேன். விட மனசு வரவில்லை. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

நெட்டையர் இருக்கிறாரா என்று கேட்டோம். இருக்கிறார், நாலு வருஷமாகப் படுத்த படுக்கை, மகள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று விலாசம் கொடுத்தார். பதில் வந்தது நிஜம்தான், நீங்கள் பொய் சொல்லவில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சனிக்கிழமை காலை 10:30க்கு நானும் மச்சானும் போனோம்.

வாசலில் நிறைய செருப்புகள் கிடந்தன. மகள் வெளியே வந்தாள். நாற்பது வயசிருக்கும், முகம் வீங்கியிருந்தது. அப்பா வியாழக்கிழமை போய்விட்டார் என்றாள்.

அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது போலிருக்கிறது. அப்பாவுக்கு ஒரு பழக்கமாம். தினமும் சாயங்காலம் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு தட்டுவார், காத்திருப்பார். மறுபடி தட்டுவார். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். வியாழக்கிழமை மட்டும் தட்டிவிட்டுச் சிரித்தாராம். பதில் சொல்றான், பதில் சொல்றான் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். அப்படி அரை மணி நேரம்.

"அப்புறம் திடீர்னு முகம் மாறிடுச்சு," என்றாள். "மூணு தட்டிட்டான்னு சொன்னாரு. நாலு வருஷமா எந்திரிக்காத மனுஷன், கட்டில்லருந்து குதிச்சு ஓடுனாரு. ரூம் கதவை ரெண்டு கையாலயும் ஒரே அடி. தாழ்ப்பாள் பிஞ்சு வந்துடுச்சு. அங்கயே விழுந்துட்டாரு."

திறந்திருந்த வாசல் வழியாக அந்த அறை தெரிந்தது. கதவு பிளந்து ஒரு கீலில் தொங்கியது. அதற்கு மேலே சுவரில் ஒரு கடிகாரம். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் விழுந்தபோது மணி என்ன என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. அப்போது நிமிர்ந்து அந்தக் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றாள். ஐந்து ஐம்பத்திரண்டு.